முகவரி இல்லாத சிரிப்பு

"இங்கு அரசியல் பேசக்கூடாது."

முடிதிருத்தும் நிலையத்திலே கண்ணாடிக்கு மேலேயும், தேநீர்க் கடையிலே கல்லாப்பெட்டிக்குப் பின்னேயும் இந்த அறிவிப்பைக் காணாதவர் நம் நாட்டில் இரார். எழுதி மாட்டிய கடைக்காரர்மீது நமக்கு வருத்தமில்லை. பேச்சு முற்றினால் கைகலப்பு. கைகலந்தால் கண்ணாடிக் குவளை உடையும். உடைந்த குவளைக்கு எந்தக் கட்சியும் விலை கொடுப்பதில்லை. பாவம், அவர் பிழைக்க வேண்டுமே! நாம் வியப்பது வேறொன்றை. அந்தப் பலகைக்கு நேர் கீழே அமர்ந்து, நாளேட்டின் முதல் தாளை ஒருவரும் நடுத்தாளை மற்றொருவருமாகப் பிரித்துக்கொண்டு, நம்மவர் நாள்தோறும் பேசுவது அரசியல்தான். பலகையை மாட்டியவரே, தேநீரை ஆற்றிக்கொண்டே, அதில் கலந்துகொள்கிறார். பின் எதைத்தான் தடுத்தது அந்தப் பலகை?

வாதத்தைத் தடுத்தது, கேலியைத் தடுக்கவில்லை. வாதாடினால் அரசியல், கேலி செய்தால் பொழுதுபோக்கு என்று யாரோ ஓர் எழுதாச் சட்டம் இயற்றி வைத்திருக்கிறார்கள். நாமும் அதற்குக் கீழ்ப்படிந்து நடக்கிறோம்.

போட்ட சாலை மூன்றே மாதத்தில் பெயர்ந்ததா? "தாரில் கலப்படம் இல்லையப்பா, தாரே இல்லை!" மழைநீர் வீட்டுக்குள் புகுந்ததா? "ஆறு வீடு தேடி வந்துவிட்டது, இனி நீராடக் குற்றாலம் எதற்கு?" நேற்றுவரை ஒரு கட்சியை வாய் வலிக்க வசைபாடியவர் இன்று அக்கட்சியின் மேடையிலேயே மாலை வாங்குகிறாரா? "வேட்டி அதேதான், கரைதான் மாறியிருக்கிறது!" சொன்னவர் சிரிக்கிறார், கேட்டவர் சிரிக்கிறார், தேநீர் தீர்கிறது, அவரவர் வேலையைப் பார்க்கப் போகிறார்கள். சாலை பெயர்ந்தபடியே கிடக்கிறது. கைப்பேசி வந்த பிறகு கடைப் பலகைக்குக்கூட நடந்துபோகத் தேவையில்லை. நடிகர் வடிவேலுவின் முகம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கீழே இரண்டு வரி எழுதினால் போதும், சட்டமன்ற நிகழ்ச்சி முதல் சமையல் எரிவாயு விலை வரை அனைத்துக்கும் மறுமொழி கிடைத்துவிடுகிறது. பத்து நண்பர்க்கு அனுப்புகிறோம். பத்துப் பேரும் சிரிக்கும் முகத்தைத் திருப்பி அனுப்புகிறார்கள். கணக்கு நேராகிவிட்டது என்ற நிறைவோடு உறங்கப் போகிறோம்.

நேராகிவிட்டதா? அதைத்தான் நாம் கேட்க விரும்புகிறோம். அநீதியைக் கண்டு சிரித்தவன், அச்சிரிப்பினால் தன் கடமையில் ஒரு பகுதியையேனும் செய்தவனாகிறானா? அன்றி, அந்தக் கடமையிலிருந்து தன்னைத் தானே விடுதலை செய்துகொண்டவனாகிறானா? சிறு கேள்விபோலத் தோன்றும். ஆனால் ஒரு நாட்டின் நல்லறிவாளரில் பெரும்பாலோர் அரசியலோடு கொண்டுள்ள ஒரே உறவு கேலிதான் என்றாகிவிட்டால், இதைவிடப் பெரிய அறக்கேள்வி வேறு என்ன இருக்க முடியும்?

நகைச்சுவைக்கு நாம் பகைவரல்லர். நந்தன் கதையைக் கேட்டு உருகிக் கண்ணீர் விட்டுக் கலைந்துபோய்க்கொண்டிருந்த கூட்டத்துக்கு, கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1949இல் 'நல்லதம்பி' படத்திலே கிந்தனார் கதையைச் சொன்னார். நந்தன் தில்லைக்குப் போக ஏங்கினான். கிந்தன் படிக்க ஏங்கினான். வயிறு குலுங்கச் சிரித்தவர்கள் வீடு திரும்பும்போது, "நம் தெருப் பிள்ளை ஏன் பள்ளிக்குப் போகவில்லை?" என்ற கேள்வியை மடியில் முடிந்துகொண்டு போனார்கள். எம்.ஆர். இராதா மேடையில் நின்று பேசிய பேச்சுக்கு மக்கள் சிரித்தார்கள், அரசு சிரிக்கவில்லை, 1954இல் நாடகங்களைக் கட்டுப்படுத்த ஒரு சட்டமே வந்தது. சிரிப்புக்குச் சட்டம் போட்டார்கள் என்றால், அந்தச் சிரிப்பு எங்கோ போய்த் தைத்திருக்கிறது என்பது பொருள்.

ஆகவே சிரிப்பிலே இரு வகை உண்டு. ஒன்று, முகவரி எழுதிய கடிதம் போன்றது. யார் செய்தார், என்ன செய்தார், யார் மறுமொழி சொல்ல வேண்டும் என்பவை அதில் இருக்கும். மற்றொன்று, முகவரியே இல்லாதது. "எல்லாரும் அப்படித்தான்", "யார் வந்தால் என்ன, நாம் உழைத்தால்தான் நமக்குச் சோறு", "இதெல்லாம் திருந்துகிற நாடா?" என்னும் வகை. இதில் பெயர் இல்லை, தேதி இல்லை, தொகை இல்லை. எல்லாரும் திருடர் என்று சொல்கிறவன் முதலில் விடுதலை செய்வது உண்மையான திருடனைத்தான். ஊரே குற்றவாளிக் கூண்டில் ஏறிவிட்டால் கூண்டுக்கு வெளியே நின்று விசாரிப்பது யார்? அப்படிச் சொன்னவர் ஒருவர் மட்டுமே வெளியே நிற்கிறார். கறைபடாதவர், ஏமாறாதவர், எல்லாம் அறிந்தவர். அந்த இன்பத்துக்காகவே இக்கேலி இவ்வளவு மலிவாக விற்பனையாகிறது என்பது நம் எண்ணம்.

இது நம் நாட்டு நோய் மட்டுமன்று. ஏதென்சு நகரத்தின் பழங்கதை ஒன்றைத் தோழர்கள் அறிந்திருக்கக்கூடும், அறியாதவர்க்காகச் சொல்கிறோம். கி.மு. 424இல் அரிஸ்டோபனீஸ் என்ற நாடகாசிரியர் 'குதிரை வீரர்கள்' என்றொரு நாடகத்தை அரங்கேற்றினார். அந்நாளில் ஏதென்சை ஆட்டிப்படைத்த மேடைவீரன் கிளியோன். அவனைத்தான் நாடகம் குறிவைத்தது. மக்கள் என்று பொருள்படும் டெமாஸ் என்னும் பெயரையே கொண்ட ஒரு கிழவன். அவன் வீட்டிலே எசமானை மயக்கி ஏமாற்றும் அடிமை ஒருவன். அந்த அடிமைதான் கிளியோன் என்று பார்த்தவர்க்கெல்லாம் தெரியும். அவனை வீழ்த்த இறைச்சி விற்கும் அங்காடிக்காரன் ஒருவன் வருகிறான். கிழவனின் அன்பைப் பெற இருவருக்கும் போட்டி. உட்காரத் திண்டு ஒன்று, காலுக்குச் செருப்பு, குளிருக்கு அங்கி, உண்ண இறைச்சி! பரிசுமேல் பரிசாகக் கொண்டுவந்து குவிக்கிறார்கள். (இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் எழுதியது, நம் ஊர்த் தேர்தலைப் பார்த்து எழுதியதாக எவரும் வழக்குத் தொடுக்க முடியாது.) ஏதென்சு மக்கள் சிரித்தார்கள். நாடகத்துக்கு முதற்பரிசும் கொடுத்தார்கள். பிறகு என்ன செய்தார்கள்? சில வாரங்களுக்குள் நடந்த தேர்தலிலே, அதே கிளியோனைப் படைத்தலைவருள் ஒருவனாகத் தேர்ந்தெடுத்தார்கள்!

நாடகாசிரியர் மேல் குறை சொல்ல முடியாது. அவர் முகவரியைத் தெளிவாகவே எழுதினார். கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டியவர்கள்தான் அதை அரங்கத்துக் கல்லிருக்கையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். சிரித்ததிலேயே மனம் குளிர்ந்துவிட்டது. குளிர்ந்த மனத்தோடு பழைய கையையே தூக்கினார்கள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். வாக்குக்குப் பணம் என்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏனெனில் அண்மைக்காலத்தில் இதைவிட அதிகமாக நாம் சிரித்த பொருள் வேறில்லை. 2009 சனவரியில் திருமங்கலத்தில் ஓர் இடைத்தேர்தல் நடந்தது. அதன் பிறகு அந்த ஊரின் பெயரே பணம் கொடுத்து வெல்லும் முறைக்குப் பெயராகிவிட்டது. ஏதோ கணிதத்திலே தேற்றம் ஒன்றுக்குக் கண்டவர் பெயரைச் சூட்டுவதுபோல, 'திருமங்கலம் பார்முலா' என்றார்கள். சிரித்தோம். அந்த ஊரிலே வாங்காதவரும் இருந்தார்களே, அவர்கள் தங்கள் ஊர்ப்பெயரை எந்த முகத்தோடு சொல்வார்கள் என்று நாம் நினைக்கவில்லை. 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணப் புழக்கத்தின் காரணமாக வாக்குப்பதிவே தள்ளிவைக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் நடந்தது. 2017 ஏப்ரலில் சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தல், வாக்குப்பதிவுக்கு இரண்டே நாள் இருக்கையில் நீக்கப்பட்டது. திசம்பரில் மீண்டும் நடந்தபோது, இருபது ரூபாய்த் தாளே அடையாளச் சீட்டாகக் கொடுக்கப்பட்டது என்ற செய்தி நாடெங்கும் பரவியது. 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தொகுதி. 11 கோடி ரூபாய்க்கு மேல் பிடிபட்டு, குடியரசுத் தலைவரின் ஆணையால் தேர்தல் நின்றது. ஆகசுட்டு மாதத்தில்தான் அத்தொகுதி வாக்களித்தது.

ஒவ்வொரு முறையும் கேலி பொழிந்தது. இருபது ரூபாய்த் தாளைப் பற்றி வந்த கேலிப்படங்களை மட்டும் தொகுத்தால் ஒரு நூலாகும். ஆனால், கொடுத்தவர் யார், அந்தப் பணம் எவரிடமிருந்து வந்தது, பிடிபட்ட வழக்குகள் என்னவாயின, எத்தனை பேர் தண்டனை பெற்றார்கள் என்று பிற்பாடு கேட்டவர் எத்தனை பேர்? சிரித்தவர் தொகையில் நூற்றில் ஒரு பங்கு இருப்பார்களா?

ஆசிரியத் தொழில் பூண்ட நமக்குத் தேர்தல் நாளில் வேறொரு வேலையும் உண்டு. வாக்குச்சாவடியில் அமர்ந்து, பெயர் சரிபார்த்து, இடக்கை ஆள்காட்டி விரலில் மை இடும் வேலை. 1962 பொதுத்தேர்தல் முதல் மைசூரில் தயாராகிவரும் மை அது, எளிதில் அழியாது. அப்படியொரு தேர்தலில், விரலை நீட்டியபடியே பெரியவர் ஒருவர் கேட்டார்: "மை மட்டுந்தானா தம்பி? நேற்று வந்தவர்கள் இதைவிட நன்றாகக் கவனித்தார்களே!" வரிசை முழுவதும் சிரித்தது. வாயிலில் நின்ற காவலர் சிரித்தார். எதிரும் புதிருமாக அமர்ந்திருந்த கட்சி முகவர்கள், காலையிலிருந்து ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தவர்கள், இப்போது ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அன்று அந்த அறையில் எல்லாக் கட்சிகளும் கருத்தொருமித்த நொடி அது ஒன்றுதான்.

அந்தப் பெரியவர் சொன்னது ஒரு குற்றச்செய்தி. தேர்தலில் கையூட்டுக் கொடுப்பதும் வாங்குவதும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 171-பி பிரிவின்படி குற்றமாக இருந்தன. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்கிதாவிலும் 170ஆம் பிரிவில் அப்படியே உள்ளன. (பெயரை உச்சரிக்கவே நமக்கு நாப்பயிற்சி வேண்டியிருக்கிறது, குற்றம் மட்டும் பழக்கமானது.) ஓராண்டு வரை சிறை. அதே செய்தியை அவர் சினத்தோடு சொல்லியிருந்தால் அறை அதிர்ந்திருக்கும். எழுதிக் கொடுங்கள் என்றிருப்பார்கள். முகவர்கள் எழுந்து நின்றிருப்பார்கள். கேலியாகச் சொன்னதால், குற்றம் தட்பவெப்பச் செய்தியாகிவிட்டது. "இன்று வெயில் அதிகம்" என்பதற்கும், "இம்முறை பணம் அதிகம்" என்பதற்கும் வேறுபாடு இல்லாமற் போயிற்று. வெயிலை யார்மீது வழக்குப் போட்டுத் தடுப்பது?

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சட்டத்தின் முன் கொடுத்தவனும் வாங்கியவனும் குற்றவாளிகள். நம் கேலியிலோ வாங்கியவன் மட்டுமே இருக்கிறான். இருநூறு ரூபாய்க்கும் பிரியாணிப் பொட்டலத்துக்கும் விலைபோகிறவன் என்று, லாரியில் ஏற்றப்பட்டு வெயிலில் அமர்த்தப்பட்ட கூலித் தொழிலாளியைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம். அன்றைக்கு அவளுக்கு வேலை இல்லை என்பதையோ, வீட்டில் அடுப்பு எரிய அந்த இருநூறு தேவைப்பட்டது என்பதையோ கேலி எழுதுபவர் அறியார். கோடிகளைப் பெட்டியில் கொண்டுவந்தவர் அந்தப் படத்தில் இல்லை. அவரைப் பற்றிப் பேசும்போது நம் குரலில் ஒருவகை வியப்புக்கூடக் கலந்துவிடுகிறது: "ஆள் கெட்டிக்காரர், கணக்குப் போட்டு அடித்துவிட்டார்!" வலியவனை வியந்து எளியவனை எள்ளும் சிரிப்புக்கு நாம் என்ன பெயர் வைப்பது? அக்கிரகாரத் திண்ணையில் அமர்ந்து சேரிப் பிள்ளையின் பேச்சை எள்ளியவர்களும் தங்களை நகைச்சுவை உணர்வு உடையவர்கள் என்றுதானே எண்ணிக்கொண்டிருந்தார்கள்! நியாயவிலைக் கடை அரிசியையும், பள்ளியிலே போடும் காலை உணவையும் கையூட்டோடு சேர்த்துவைத்து 'இலவசம்' என்று எள்ளுவோரும் இந்த இனத்தவரே. பசியோடு வந்த பிள்ளைக்குக் கணக்குப் பாடம் நடத்திப் பார்த்தவர்கள் அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள மாட்டார்கள். சட்டப்படி, எல்லார்க்கும் பொதுவாக, பொதுக் கருவூலத்திலிருந்து வருவது உரிமை. இருட்டில், வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, எவரோ ஒருவரின் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பது விலை.

"ஏழைக்கு எஞ்சியிருப்பது சிரிப்பு ஒன்றுதான், அதையும் பறிக்க வந்துவிட்டீர்களா?" என்று தோழர்கள் கேட்கலாம். நேர்மையான கேள்வி. ஆளுவோர் சிரிப்புக்கு அஞ்சிய காலங்களும் உண்டு. 1987இல், சட்டமன்ற உறுப்பினரையும் அமைச்சரையும் திருடர் தோற்றத்தோடு ஒப்பிட்ட அட்டைப்படத் துணுக்கு ஒன்றுக்காக, ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. கண்டனம் எழுந்து, சில நாட்களில் விடுதலையானார். 2017 அக்டோபரில் நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் முன்பு, கந்துவட்டிக் கொடுமை தாளாமல், மனுமேல் மனுக் கொடுத்தும் பயனில்லாமல், ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பமே தீக்குளித்து மாண்டது. அது குறித்துக் கருத்துப்படம் வரைந்த ஓவியர் பாலா அடுத்த மாதம் கைது செய்யப்பட்டார். அவருடைய கோட்டுப்படத்தின் நயத்தைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம்; முகவரி இருந்தது. இன்ன அலுவலகம், இன்ன பதவியில் இருப்போர், இந்த மரணம் என்று அது சுட்டிக்காட்டியது. ஆகவேதான் காவல்துறை வந்தது. "எல்லாரும் அயோக்கியர்கள்" என்று பொத்தாம்பொதுவாகப் பகர்ந்தவரின் வீட்டுக் கதவைக் காவலர் தட்டியதாக நாம் கேள்விப்பட்டதில்லை. அந்தக் கேலியை அமைச்சரே மேடையில் சொல்லிச் சிரிப்பார். அவருக்கு அதனால் இழப்பு ஏதும் இல்லை.

முகவரி எழுதிய சிரிப்பு கொண்டுபோய்ச் சேர்க்கவும் பட்டால் என்ன ஆகும்? நியூயார்க்கு நகரின் கதை இருக்கிறது. 1860களின் இறுதியில் அந்நகரைக் கொள்ளையடித்த கூட்டத்தின் தலைவன் ட்வீட். தாமஸ் நாஸ்ட் என்ற ஓவியர் வாரந்தோறும் அவனுடைய பருத்த உடலையும் வைரக் குண்டூசியையும் வரைந்து வந்தார். படம் மட்டும் வந்திருந்தால், மக்கள் சிரித்துவிட்டு அவனுக்கே வாக்களித்திருப்பார்கள். ஆனால் 1871 சூலையில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளேடு நகராட்சிக் கணக்கேட்டின் பக்கங்களையே அச்சிட்டது: இன்ன தச்சருக்கு இவ்வளவு, இன்ன சுண்ணாம்புப் பூச்சாளருக்கு இவ்வளவு என்று. படமும் கணக்கும் சேர்ந்தன. நவம்பர்த் தேர்தலில் அக்கூட்டத்தில் பெரும்பாலோர் தோற்றனர். ட்வீட் மட்டும் தன் பகுதியில் அப்போதும் வென்றான் என்பதையும் சொல்லிவிட வேண்டும், உண்மை அழகாக முடிவதில்லை. பிறகு கைதானான், தண்டனை பெற்றான், 1875இல் தப்பி ஓடினான். மறு ஆண்டு, அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் ஸ்பெயின் நாட்டில், அவனை அடையாளம் காட்டியது எது தெரியுமா? நாஸ்ட் வரைந்த கேலிப்படம்! கடல் கடந்து போய்த் திருடனின் கழுத்தைப் பிடித்த சிரிப்பு அது.

வால்டேர் பெயரைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. ஐரோப்பாவே அஞ்சிய கேலிப் பேனா அவருடையது. 1762இல் தூலூசு நகரில், மதவெறியின் பிடியில் இருந்த நீதிமன்றம், சான் கலா என்ற துணிவணிகர் தன் மகனையே கொன்றார் என்று பொய்யாகத் தீர்ப்பளித்து, அவரைச் சக்கரத்தில் கட்டி எலும்பு முறித்துக் கொன்றது. வால்டேர் நினைத்திருந்தால் அன்றைக்கே உலகம் வியக்கும் நையாண்டி ஒன்று எழுதிவிட்டு ஒதுங்கியிருக்கலாம். அவரோ மூன்றாண்டுக் காலம் மடல்கள் எழுதினார், வழக்கறிஞரைத் தேடினார், பொருள் திரட்டினார், 1763இல் சகிப்புத்தன்மை குறித்து நூல் எழுதினார். 1765இல் இறந்தவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு மாற்றப்பட்டது. பெருநகையாளர் ஒருவர், எங்கே நகை போதாது என்பதையும் அறிந்திருந்தார்.

நாம் வால்டேர் அல்லவே என்பீர்கள். இங்கே அதற்கு வேலையும் இல்லை. நம் ஊரின் எளிய மக்களே வழிகாட்டியிருக்கிறார்கள். சேறும் சகதியுமான சாலையிலே பெண்கள் வரிசையாக இறங்கி நெல் நாற்று நட்ட காட்சியை நாளேட்டில் எத்தனை முறை கண்டிருக்கிறோம்! அதைவிடச் சிறந்த நகைச்சுவை எது? "இது சாலையா, வயலா, நீங்களே சொல்லுங்கள்" என்று அதிகாரியை நடுத்தெருவிலே நிறுத்திக் கேட்கிறது. இன்ன ஊர், இன்ன தெரு, இந்த ஒன்றிய அலுவலகம் என்று முகவரி இருக்கிறது. நட்ட கையோடு அந்தப் பெண்கள் அவ்விடத்தைவிட்டு நகர்வதும் இல்லை. கைப்பேசியிலே சாலையைப் பற்றிக் கேலி எழுதிய பட்டதாரிக்கும், சேற்றில் இறங்கி நாற்று நட்ட அம்மாவுக்கும் இடையே யார் அரசியல் அறிந்தவர் என்பதை எவரும் சொல்லிவிடலாம்.

சிலர், வெறுப்புக்கும் ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்துவோம் என்கிறார்கள். 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பினால் வந்த 'நோட்டா' அது. எவரையும் ஏற்கவில்லை என்று சொல்ல உரிமை இருப்பது நன்றே. ஆனால் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களுக்கான அந்த ஏற்பாட்டின்படி, நோட்டாவே மிகுதியான வாக்குப் பெற்றாலும் அடுத்தபடியாக உள்ள வேட்பாளரே வென்றவராவார். தோளைக் குலுக்கிவிட்டுப் போவதற்கு அரசே வசதி செய்து கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

தேநீர்க் கடைப் பலகையிலிருந்து நூறு அடி தொலைவிலே, பல ஊர்களில், ஊராட்சி அலுவலகம் இருக்கிறது. தமிழகத்தில் முன்பு ஆண்டுக்கு நான்கு நாட்கள் கூடிய கிராம சபை, 2022 முதல் ஆறு நாட்களாக்கப்பட்டது: சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகசுட்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளராக உள்ள எவரும் அங்கே எழுந்து நின்று, வரவு என்ன, செலவு என்ன, அந்தச் சாலைக்கு எவ்வளவு, எடுத்தவர் யார், ஒப்பந்தத் தாளைக் காட்டுங்கள் என்று கேட்கலாம். கேட்டும் கிடைக்காவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனு எழுதலாம். பத்து ரூபாய், ஒரு குவளைத் தேநீரின் விலையைவிட மிகுதியன்று! ஆனால் அந்நாட்களில் நடப்பது என்ன? உள்ளே இருபது பேர், கையெழுத்திட வந்தவர்கள். எதிரே கடையில் முப்பது பேர், உள்ளே நடப்பதைப் பற்றிக் கேலி பேசுகிறவர்கள். அம்முப்பதில் பத்துப் பேர் எழுந்து சாலையைக் கடந்துவிட்டால், தீர்மான ஏட்டைப் படிக்கும் எழுத்தரின் குரலே மாறிவிடும். அவர்களுடைய கேலியையும் உடன் கொண்டுவரட்டும், தடையில்லை. "தாரே இல்லை" என்ற அந்தத் துணுக்கு, கணக்கேட்டின் முன்னால் நின்று சொல்லப்பட்டால்தான் அதன் முழுச் சுவையும் தெரியும்.

இதையெல்லாம் நாம் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நம் சிரிப்பை நாம் மட்டும் கேட்கவில்லை, பிள்ளைகளும் கேட்கிறார்கள். நாம் பணிபுரியும் பள்ளியிலே எட்டாம் வகுப்பில் வகுப்புத் தலைவர் தேர்தல். முந்திய நாள் மாலை, மாணவன் ஒருவன் நாற்பத்திரண்டு பேருக்கும் தேன்மிட்டாய் வழங்கினான். ஏன் என்று கேட்டதற்கு, "ஓட்டுக்கு சார்" என்றான், ஒளிவுமறைவே இல்லாமல். வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஆசிரியர் அறையில் சொன்னபோது அங்கும் சிரிப்புத்தான். "பிழைக்கத் தெரிந்த பையன்" என்றார் ஒருவர். அவன் தீயவன் அல்லன். வீட்டுத் திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் பெரியவர்கள் இதைப் பேசும்போதெல்லாம் முகம் மலர்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறான். வெட்கத்தோடு எவரும் பேசி அவன் கண்டதில்லை. பிறகு எப்படி அது வெட்கப்படத்தக்கது என்று அவனுக்குத் தெரியும்?

அறிவுரை கூறினால் கேட்டுக்கொள்வார்கள், மறந்துவிடுவார்கள். ஆகவே கரும்பலகையில் கணக்காகவே எழுதச் சொன்னோம். மிட்டாய் ஒன்று ஒரு ரூபாய், நாற்பத்திரண்டு ரூபாய். யார் கொடுத்தது? மாமா. மாமாவுக்குத் திருப்பித் தர வேண்டுமா? வேண்டுமாம். எதிலிருந்து? பையன் விழித்தான். பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்து, "பந்துக் காசு அவன்கிட்டதானே சார் இருக்கும்?" என்றாள். ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு, பந்தும் தாண்டுகயிறும் வாங்கச் சேர்த்த நானூற்றிருபது ரூபாய். அது தலைவரின் பொறுப்பில் இருப்பது வழக்கம். வகுப்பு மறுபடி சிரித்தது. இம்முறை சிரிப்பின் ஓசையே வேறாக இருந்தது. பையனும் சிரித்தான், காது சிவக்க.

மறுநாள் வாக்குப்பதிவு. மூன்று வாக்கு மிகுதியில் அவனே வென்றான். அடுத்த வாரம் பந்து வந்தது. கயிறும் வந்தது. அந்தச் சிறுமி கடைச்சீட்டைக் கேட்டாள், அவன் கொடுத்தான், அவள் அதைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறாள். பதினெட்டு ரூபாய் மீதம் என்று கீழே பென்சிலால் எழுதியிருக்கிறது.